பேச்சு சிகிச்சை மேற்படிப்பு – கடிதம்

வணக்கம் மேடம்,

சென்னையில் பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பான பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்கிறேன், இப்போது இன்டர்ன்ஷிப். அமெரிக்காவில் ஸ்பீச்-லாங்வேஜ் பெதாலஜி மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. வீட்டில் மைசூர் பேச்சு, செவித்திறன் நிறுவனத்துக்கு எழுதினால் போதாதா என்கிறார்கள். மார்க் சுமார்தான். விண்ணப்பத்தோடு கேட்கும் நோக்கக் கட்டுரையை (எஸ்.ஓ.பி.) இணைத்திருக்கிறேன். தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனதிலிருந்து தொடங்கியிருக்கிறேன், சரியா? மருத்துவமனை அனுபவம் என்று எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. போன வாரம்கூட மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன். ‘வாளப்பளம்’ என்கிறான் என்று பள்ளியில் அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மாவும் அப்படித்தான் பேசினார். தெரபி தேவையில்லை என்று எழுதி அனுப்பினோம். இப்படித்தான் போகிறது.

ச., சென்னை

அன்புள்ள ச.,

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்தப் பையன்தான் உங்கள் எஸ்.ஓ.பி. தாத்தாவை எடுத்துவிடுங்கள். என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் பிள்ளைகளின் எஸ்.ஓ.பி.க்களில் பக்கவாதம் வந்த தாத்தாவோ திக்கிப் பேசும் தம்பியோ இல்லாதது அபூர்வம். எல்லாம் உண்மைதான், துயரம்தான். ஆனால் தேர்வுக்குழு அதற்கு என்ன மதிப்பெண் போடும்? நோயாளி முன்னால் உட்கார்ந்ததும் நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதற்குத்தான் போட முடியும்.

நீங்கள் யோசித்திருக்கிறீர்கள். தென்மாவட்டங்களில் ழகரம் ளகரமாவது வட்டார வழக்கு, நாக்கின் கோளாறு இல்லை. அம்மாவின் பேச்சைக் கேட்டு அதை உறுதி செய்துகொண்டீர்கள். அதே பையன் ‘ள’வே வராமல் எல்லா இடத்திலும் ‘ய’ சொல்லியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். அமெரிக்கப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தெரபிஸ்ட்டுக்கும் இதே கேள்வி தினமும் வரும். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் குழந்தையின் ஆங்கிலத்தில் எது ஸ்பானிஷின் சாயல், எது குறைபாடு? கறுப்பினக் குழந்தையின் பேச்சு வழக்கைப் பிழை என்று குறித்துவிடக் கூடாது என்பது அங்கே பாடத்திட்டத்திலேயே உண்டு. நீங்கள் அதை ஓ.பி.யில் செய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பையனின் வயது, என்ன சொற்களைச் சொல்ல வைத்தீர்கள், பள்ளிக்கு என்ன எழுதினீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். ஊர், பெயர் வேண்டாம். ‘சிறு வயது முதலே சேவை மனப்பான்மை’ வரியையும் அடித்துவிடுங்கள், அதை யார்தான் எழுதவில்லை!

மைசூரா அமெரிக்காவா? இங்கேயே வேலை செய்வதாக இருந்தால் நானும் உங்கள் வீட்டார் பக்கம். மைசூர் மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965இல் தொடங்கியது, இந்தத் துறைக்கு ஆட்களைத் தயார் செய்கிறது, கட்டணமும் குறைவு. நுழைவுத் தேர்வை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவில் வேலை செய்ய வேண்டுமானால் கணக்கு வேறு. அங்கே தொழிலுக்குள் நுழையவே மாஸ்டர்ஸ் வேண்டும், உங்கள் நான்கு வருடப் பட்டம் போதாது. ஆஷா எனப்படும் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் சங்கங்களோடு சான்றிதழ் ஒப்பந்தம் வைத்திருக்கிறது. இந்தியா அதில் இல்லை. மைசூரில் முடித்துவிட்டுப் போனாலும், அவர்களுடைய மாஸ்டர்ஸுக்கு அது சமம்தானா என்று துருவிப் பார்த்துத்தான் ஏற்பார்கள்.

அங்கே படிப்பு இரண்டு வருடம், மொத்தம் 400 மணி நேர கிளினிக் பயிற்சி (25 மணி பார்வையிடல், 375 மணி நேரடி வேலை), பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வு, அப்புறம் குறைந்தது 36 வாரம் கிளினிக்கல் ஃபெலோஷிப், அதாவது மேற்பார்வையில் வேலை. மாணவர் விசாவில் படிப்பு முடிந்து கிடைக்கும் வேலை அனுமதி (ஓ.பி.டி.) 12 மாதம். ஃபெலோஷிப் அதற்குள் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் அங்கே இருக்க, விசாவுக்கு ஸ்பான்சர் செய்யும் முதலாளி வேண்டும். கடன் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த இடத்தை அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். கிளினிக்கல் மாஸ்டர்ஸுக்கு முழு உதவித்தொகை கிடைப்பது கடினம், அதை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம்.

மார்க்கைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறீர்கள். ஆஷாவின் தளத்தில் எட்ஃபைண்ட் என்ற தேடல் இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கொடுத்தார்கள், சேர்ந்தவர்களின் ஜி.பி.ஏ. என்ன என்பதை அதில் பார்க்கலாம். பெயரைப் பார்த்துப் பட்டியல் போடாமல் அதைப் பார்த்துப் போடுங்கள். ஆஷாவின் அங்கீகாரக் குழுவான சி.ஏ.ஏ.யின் அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு எழுதவே வேண்டாம். ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வு கேட்காத இடங்கள் இப்போது நிறைய. ஆஷாவின் சான்றிதழுக்கு உயிரியல், புள்ளியியல், சமூக அறிவியலோடு இயற்பியல் அல்லது வேதியியலில் ஒரு பாடமும் வேண்டும். உங்கள் மதிப்பெண் பட்டியலில் எது இல்லையோ, அதை அங்கே சேர்ந்த பிறகு படிக்கலாமா என்று அந்தப் பல்கலைக்கழகத்திடம் மெயிலில் கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலான இடங்களுக்கு சி.எஸ்.டி.கேஸ் என்ற ஒரே பொது விண்ணப்பம்தான். வெளிநாட்டு மதிப்பெண்ணை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிக் கேட்பார்கள், டபிள்யூ.ஈ.எஸ். போன்ற நிறுவனங்கள் அதைச் செய்து தருகின்றன. அதற்கு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியல், உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து போக வேண்டும். நம் பல்கலைக்கழக அலுவலகங்களின் வேகம் உங்களுக்குத் தெரியும். கடைசித் தேதி பல இடங்களில் டிசம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும், அதனால் எஸ்.ஓ.பி.யைத் திருத்த உட்காரும் முன் டிரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பரிந்துரைக் கடிதத்தை அந்தப் பையனைப் பார்த்தபோது கூட இருந்த சூப்பர்வைசரிடம் கேளுங்கள், துறைத்தலைவரிடம் வேண்டாம்.