ஹாலில் வெளிச்சம் இல்லை, அதற்கு நாலேகால் லட்சமா?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரண்டாம் மாடியில் வாடகை வீடு, ஹால் 10-க்கு 14 அடி. இருப்பது ஒரே ஜன்னல், அதற்கு எதிரே ஐந்தடியில் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். ராத்திரி ஏழரைக்கு ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மனசு சோர்ந்துவிடுகிறதாம். பகல் முழுக்க அந்த ஹாலிலேயே உட்கார்ந்திருக்கும் 71 வயது மாமியாரும் "ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கு" என்கிறாராம். தெரிந்தவர் ஒருவர் அனுப்பிவைத்த இன்டீரியர்காரர் ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட், வால்பேப்பர் எல்லாம் சேர்த்து 4,25,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ஒத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

வேண்டாம். அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

கொட்டேஷனோடு ஒரு த்ரீ-டி படமும் அனுப்பியிருப்பாரே, அதை எடுத்து இன்னொரு தரம் பாருங்கள். சோபா, பூச்சாடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தரையில் விழுந்திருக்கும் வெயிலை மட்டும் பாருங்கள். அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? முக்கால்வாசிப் படங்களில் அது உங்கள் வீட்டில் இல்லாத ஒரு ஜன்னலிலிருந்து வரும். இந்தத் தொழிலில் இருபது வருஷமாக இருக்கிறேன், படத்தைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டியவர்கள் அத்தனை பேரும் மயங்கியது அந்த வெயிலில்தான். அதை எந்த இன்டீரியர்காரரும் கொண்டுவந்து மாட்ட முடியாது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் இருக்கிற உயரத்திலும் அரையடி போகும், இருட்டு ஹால் இன்னும் குகை மாதிரி ஆகும்.

உங்கள் பிரச்சினை வெளிச்சம். ஜன்னலிலிருந்து ஆரம்பியுங்கள். கொசுவலையில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள், விரல் கறுப்பாகும். இரண்டு மூன்று வருஷத்துத் தூசி படிந்த வலை உள்ளே வரும் வெளிச்சத்தில் ஒரு நல்ல பங்கைத் தின்றுவிடும். வெல்க்ரோ வலையென்றால் பிய்த்து எடுத்து சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி மாட்டுங்கள். கனமான பிரவுன் திரை இருந்தால் அதை பெட்ரூமுக்கு அனுப்பிவிட்டு மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி போதும். ஜன்னல் திட்டில் அடுக்கியிருக்கும் பழைய பேப்பர், ஊறுகாய் ஜாடி எல்லாம் இடம் மாறட்டும். அப்புறம் எதிர்ச்சுவர். அது சிமென்ட் பூச்சோடு அப்படியே நிற்கிறதென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, உங்கள் ஜன்னலுக்கு நேரே இருக்கும் பாகத்துக்கு மட்டும் உங்கள் செலவில் வெள்ளை அடித்துவிடுங்கள். கேட்க வெட்கமாக இருக்கும், கேளுங்கள். உங்கள் ஹாலுக்கு வானமே அந்தச் சுவர்தான்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு என்று ஒன்று இருக்கிறது. சென்னை போல வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊரில் ஜன்னல்களின் பரப்பு, கதவைச் சேர்க்காமல், தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும் என்கிறது. உங்கள் ஹால் 140 சதுர அடி, அப்படியானால் 23 சதுர அடிக்கு ஜன்னல் வேண்டும். 4-க்கு 4 ஜன்னல் என்று எழுதியிருக்கிறீர்கள், 16 சதுர அடி. பிளானில் எது இருந்தது, கட்டியது எது, யார் வந்து பார்த்தார்கள் என்றெல்லாம் கேட்டால் எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறும். விடுங்கள்.

ராத்திரிக்கு வருவோம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்று உங்கள் மாமியார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் ஏற ஏற நீலம், இறங்க இறங்க மஞ்சள். டியூப் லைட் என்று கேட்டால் கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின், பெட்டியில் 'கூல் டேலைட்' என்று போட்டிருக்கும். நீலம் பாய்ந்த வெள்ளை. அதை உச்சியில் ஒன்றே ஒன்று மாட்டினால் யார் முகமும் நோயாளி முகமாகத்தான் தெரியும். 3000 கெல்வின், அதாவது 'வார்ம் வைட்', சாயங்கால வெயிலின் சாயல் கொண்டது. ஒன்பது வாட் பல்பு இரண்டு வாங்கி, ஒன்றை சோபா ஓரத்தில் நிற்கும் விளக்கிலும் இன்னொன்றை டிவிக்குப் பக்கத்தில் மேஜை விளக்கிலும் போடுங்கள். சாதாரண 5 ஆம்பியர் பிளக் போதும், வயரிங்கே வேண்டாம். வீட்டுக்குள் நுழைந்ததும் டியூபைப் போடாமல் இவை இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் மாமியார் உட்காரும் இடத்துக்கு இது பொருந்தாது. இதை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குப் போகிறது. நீங்கள் 'ஆஹா, என்ன இதம்' என்று ரசிக்கிற மங்கலில் அவரால் பேப்பர் படிக்க முடியாது, கால்மிதி மடங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தடுக்கி விழுவார். அதனால் அந்த டியூபைக் கழற்றிப் போடாதீர்கள், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 4000 கெல்வினுக்கு மாற்றுங்கள். அவர் நாற்காலிக்குப் பின்னால், தோளுக்கு மேலே, தனியாக ஒரு படிக்கும் விளக்கு வையுங்கள், அதுவும் 4000. பல்பு கண்ணுக்கு நேரே தெரியக் கூடாது, கேட்டராக்ட் ஆரம்பித்திருந்தால் அந்தக் கூச்சமே ஒரு தொந்தரவு. ஸ்விட்ச் அவர் கைக்கு எட்டவேண்டும். முடிந்தால் காலையில் அந்த நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்துங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் ஒழுங்காக ஓடும், ராத்திரித் தூக்கமும் வரும்.

அடுத்தது பெயின்ட். இருட்டு அறைக்குப் பளிச் வெள்ளை அடித்தால் அது சாம்பலாகத்தான் தெரியும். சந்தனம், வெளிர் மஞ்சள், கிரீம் இந்த வகையில் போங்கள், மேட் ஃபினிஷ். பெரிய சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து ஹாலுக்குள்ளேயே ஜன்னலைப் பார்த்த சுவரில் ஒட்டி, காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, புது பல்பு வெளிச்சத்தில் ராத்திரி ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எந்த டப்பா வாங்குவதென்று பெயின்டரைக் கேட்காதீர்கள். டப்பாவுக்குள் அவர் பணமாக்கிக்கொள்ளும் டோக்கன் இருக்கும், எதில் டோக்கன் அதிகமோ அதுதான் அவர் வாயில் நல்ல பெயின்ட். தண்ணீர் கலக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

வாடகை வீட்டுக்கு நான் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று தோன்றும். காலி செய்யும்போது பெயின்டிங் சார்ஜ் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிக்கத்தானே போகிறார்? ஹாலை இப்போதே நான் அடிக்கிறேன், போகும்போது ஹாலுக்குப் பிடிக்காதீர்கள் என்று ஹவுஸ் ஓனரிடம் பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்று அதிலேயே ஒரு ஓட்டையும் வைத்திருக்கிறது. பிறகு யார்தான் ஒப்பந்தம் போடமாட்டார்கள்?

டிவி யூனிட்டுக்கு வருகிறேன். 8-க்கு 7, ஆக 56 சதுர அடி, சதுர அடி 1,500 ரூபாய் என்று 84,000 போட்டிருக்கிறார். அதில் பாதி வெறும் பலகை, பின்னால் சுவர்தான் இருக்கிறது. 710 கிரேடு மரைன் பிளை போடுகிறேன் என்று பெருமை வேறு. ஐ.எஸ். 710 தண்ணீர் படும் இடத்துக்கானது, சமையலறை சிங்க்குக்கு அடியில் போடலாம், டிவிக்குப் பின்னால் எந்தக் கடல் அலை அடிக்கப் போகிறது? பிளை கடையில் இன்டீரியர்காரருக்குக் கமிஷன், இன்டீரியர்காரரிடம் உங்களுக்குத் தெரிந்தவருக்குக் கமிஷன், எல்லாம் அந்த 1,500-க்குள் அடக்கம். காலி செய்யும்போது அந்த யூனிட்டைக் கழற்றவும் முடியாது. வால்பேப்பர் கார்த்திகை மழையில் ஓரம் தூக்கும்.

ஆக்சிஜன் செடி என்று நர்சரியில் கூடுதல் விலை சொல்வார்கள். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுவது 1989 நாசா ஆய்வை, அது நடந்தது காற்றுப் புகாத சின்னப் பெட்டிகளுக்குள், ஹாலில் அல்ல. பச்சையைப் பார்த்தால் மனசுக்கு நல்லது, அதற்காக ஒரு மணி பிளான்ட் போதும். வாஸ்து நீரூற்றுக்குப் பணம் மிச்சம் இருந்தால் அதில் நல்ல பெட்ஷீட் வாங்குங்கள்.

விடுமுறை நாளிலும், கோயில் கடற்கரை என்று எங்கே போனாலும், வாரக்கணக்கில் அதே பாரம் மனசில் இருந்தால் அது ஹாலின் வேலை இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

இந்தச் சனிக்கிழமை வலையைக் கழுவி, பல்புகளை மாற்றுங்கள். ஒரு வாரம் அப்படியே இருந்து பாருங்கள், பெயின்டருக்கு அதற்கப்புறம் போன் செய்யலாம். நடுவில் இன்டீரியர்காரர் கூப்பிட்டால் அந்தப் படத்தில் வெயில் வருகிற ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.