வீட்டில் பிளாஸ்டிங் கேபினெட்: மாஸ்க் மட்டும் போதுமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழைய புல்லட் பாகங்களில் துரு எடுக்க, பின்கட்டில் சின்ன பிளாஸ்டிங் கேபினெட் (காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி உலோகத்தைச் சுத்தம் செய்யும் மூடிய பெட்டி) வைத்திருக்கிறேன். எம்-சாண்டைச் சலித்துப் போடுகிறேன். கதவிடுக்கில் தூசி வருகிறது. மாஸ்க் போட்டால் போதாதா?"

போதாது. முதலில் அந்த எம்-சாண்டை மாற்றுங்கள். கருங்கல்லை உடைத்து அரைத்ததுதானே அது, குவார்ட்ஸ் என்ற படிகச் சிலிக்கா இருக்கும். ஆற்று மணலில் இன்னும் அதிகம். உலோகத்தில் வேகமாக மோதி நொறுங்கும்போது கண்ணுக்கே தெரியாத தூளாகி நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். இந்தத் தூளால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்துவிட்டால் குணப்படுத்த வழியில்லை. அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1974-லேயே, 1 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா உள்ள எதையும் இந்த வேலைக்குத் தடை செய்யச் சொன்னது. துருவுக்கு கார்னெட் என்ற கனிமத் துகள் அல்லது அலுமினியம் ஆக்சைடு வாங்குங்கள், அலுமினிய என்ஜின் கவருக்கு கிளாஸ் பீட் (நுண்ணிய கண்ணாடி மணிகள்).

அப்புறம் கசிவு. கேபினெட்டோடு இணைத்த வேக்குவத்தால் உள்ளே காற்று எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கேபினெட்டைச் சுத்தம் செய்தபின் வேக்குவத்தை மட்டும் ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கதவின் ரப்பர் ஓரமாகவும் கையுறை வளையத்தைச் சுற்றியும் மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே உள்ளே போகாமல் மேலே எழும்புகிறதோ அங்கே இழுப்பு போதவில்லை. சாதா வேக்குவம் நுண்தூசியைப் பின்பக்கமாக அறைக்கே திருப்பித் தள்ளும், ஹெப்பா ஃபில்டர் உள்ளதுதான் வேண்டும், அதன் வெளிக்குழாயும் வீட்டுக்கு வெளியே போகட்டும்.

உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் இன்னொரு தொல்லை உண்டு. கம்ப்ரசர் காற்றில் ஈரம் சேர்ந்து கார்னெட் கட்டிபிடிக்கும், அதைப் பீய்ச்சும் கன் அடைக்கும், அதைத் தட்டிவிட அடிக்கடி கதவைத் திறப்பீர்கள், தூசியை அதிகம் சுவாசிப்பதும் அப்போதுதான். வாட்டர் செபரேட்டர் போடுங்கள், டேங்க் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். வேலை முடிந்ததும் வேக்குவத்தைச் சில நிமிடம் ஓடவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

மாஸ்க் இதற்கெல்லாம் பிறகுதான், ஆனால் கட்டாயம் வேண்டும்: குறைந்தது என்95, தாடி இருந்தால் முகத்தில் சரியாகப் படியாது. சிந்தியதை விளக்குமாறால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையோடு குழந்தைகளைத் தூக்கவே கூடாது.

பழைய ஜன்னல் கம்பி, கேட் எதையும் இதில் போடாதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017-ல்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு ஈயம் இருக்கிறதென்று பார்த்துச் சொல்ல முடியாது. அவற்றுக்குப் பெயின்ட் ரிமூவர் போதும்.