கல்லீரலுக்குக் ‘கரண்ட்’ வைக்கலாமா? கதிர்வீச்சு சிகிச்சை பற்றிய கேள்வி பதில்

கல்லீரல் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். நான் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர். இங்கே பேசுவது கல்லீரலிலேயே தோன்றும் ஹெபடோசெல்லுலார் கார்சினோமா பற்றி. குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வந்த கட்டி என்றால் கணக்கு வேறு. ஸ்கேனைப் பார்க்காமல் யாருக்கும் இன்ன சிகிச்சை என்று முடிவு சொல்ல மாட்டேன். உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்வேன்.

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. ஹெபடைடிஸ் பி, அதனால் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்). இப்போது 4 செ.மீ. கட்டி. அறுவை சிகிச்சை தாங்காது என்கிறார்கள். கதிர்வீச்சு பற்றிக் கேட்டால், “கல்லீரலுக்குக் கரண்ட் வைத்தால் கல்லீரலே போய்விடும்” என்கிறார் எங்கள் உறவினரான மூத்த மருத்துவர். உண்மையா டாக்டர்?

அவர் படித்த காலத்தில் அது உண்மை. முழுக் கல்லீரலுக்கும் தினம் சிறிது சிறிதாகக் கதிர்வீச்சு கொடுத்தால் அது தாங்கும் எல்லை சுமார் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). கட்டியை அழிக்க அதைவிட அதிகம் வேண்டும். அதனால் கட்டி சாகும் முன்பே கல்லீரல் செயலிழந்துவிடும் என்று அஞ்சி, பல ஆண்டுகள் எங்கள் துறையே இந்த நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்தது.

கல்லீரலின் ஒரு பகுதி மட்டும் அதிகக் கதிர்வீச்சு வாங்கினால், மீதிப் பகுதி வேலையை ஏற்றுக்கொள்கிறது என்பது தெளிவானதும் நிலைமை மாறியது. இன்று எஸ்.பி.ஆர்.டி. என்ற முறையில் பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களைக் கட்டியின் மேல் மட்டும் குவிக்கிறோம். 25, 30 நாள் என்று இழுக்காமல், பெரும்பாலும் 3 முதல் 5 தடவையில் முடிந்துவிடும். 5 தடவையில் மொத்தம் 30 முதல் 50 கிரே வரை கொடுப்பது வழக்கம்.

எவ்வளவு கொடுப்பது என்பதைக் கட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. கட்டியில்லாத கல்லீரல் எவ்வளவு மிஞ்சுகிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. திட்டமிடும்போது குறைந்தது 700 மி.லி. கன அளவுள்ள கல்லீரலாவது பாதுகாப்பான அளவுக்குள் இருக்கிறதா என்று கணக்கிடுகிறோம். இதற்கு முன்பே சைல்டு-பியூ மதிப்பெண்ணைப் பார்ப்போம். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர், புத்தித் தடுமாற்றம் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் போடும் மதிப்பெண் அது. 5, 6 என்றால் ‘ஏ’ பிரிவு; தயங்காமல் யோசிக்கலாம். 7 என்றால் டோஸைக் குறைத்து, கவனமாகச் செய்யலாம். அதற்கு மேல் போகப் போக, சிகிச்சையே நோயாகிவிடும் ஆபத்து கூடுகிறது. உங்கள் அப்பாவின் மதிப்பெண்ணை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இதுவரை அதைச் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்றோ ‘செய்துவிடலாம்’ என்றோ யார் சொல்லியிருந்தாலும், அந்தப் பதில் பாதிப் பதில்தான்.

இன்னொன்று: ஹெபடைடிஸ் பி இருப்பவருக்குச் சிகிச்சையின்போது அந்த வைரஸ் மறுபடி தலைதூக்கக்கூடும். அதை அடக்கும் டெனோஃபோவிர் அல்லது என்டகாவிர் மாத்திரை நடந்துகொண்டிருக்க வேண்டும். ‘கட்டிக்குத்தான் வைத்தியம் பார்க்கிறோமே’ என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த வாரம் எஸ்.பி.ஆர்.டி. தொடங்குகிறது. வலிக்குமா, உடம்பு எரியுமா என்று பயப்படுகிறார். வயிற்றில் ஊசி போட்டுத் தங்கத் துகள் வைக்க வேண்டும் என்கிறார்கள். எதற்கு?

கதிர் படும்போது எந்த உணர்வும் இருக்காது. படுத்திருப்பதுதான் சிரமம். திட்டமிட்ட நிலையிலேயே அசையாமல் கை இரண்டையும் தலைக்கு மேல் வைத்திருக்க வேண்டும். முதுகுவலியோ தோள்வலியோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வலி மாத்திரை கொடுத்துவிட்டுத் தொடங்கலாம்.

மூச்சு விடும்போது கல்லீரல் மேலும் கீழுமாக ஒன்றிரண்டு செ.மீ. நகர்கிறது. மில்லிமீட்டர் கணக்கில் குறிவைக்கும் சிகிச்சையில் இது பெரிய தொலைவு. அதனால் மூச்சின் ஒவ்வொரு நிலையையும் பதிவு செய்யும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறோம். வயிற்றை லேசாக அழுத்தும் பட்டை கட்டுவதும், சில விநாடிகள் மூச்சை அடக்கச் சொல்வதும் இதற்காகத்தான். சாதாரண சி.டி.யில் கட்டி சரியாகத் தெரியாது. அதன் அருகில் வைக்கும் தங்கத் துகள், ஒவ்வொரு முறையும் குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு அடையாளம். மூச்சடக்கும் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பக்கவிளைவுகள்?

முதலில் களைப்பு, குமட்டல், பசியின்மை. கட்டி இரைப்பைக்கோ சிறுகுடலின் தொடக்கத்துக்கோ அருகில் இருந்தால் புண் வரலாம், அதற்கு முன்கூட்டியே மாத்திரை தருவோம். நீங்கள் விழிப்பாக இருக்க வேண்டியது சிகிச்சை முடிந்து 2 வாரம் முதல் 4 மாதம் வரையிலான காலத்தில்தான். வயிறு உப்புவது, கால் வீங்குவது, கண் மஞ்சளாவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, பேச்சு தடுமாறுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.

கேள்வி: ரத்தக் குழாய் வழியாகக் கதிர்வீச்சு மணிகளை அனுப்பும் சிகிச்சை இருக்கிறதாமே? வெளியிலிருந்து கொடுப்பதைவிட அது மேலானதா? அதைச் செய்துகொண்டவர் பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

நீங்கள் சொல்வது இட்ரியம்-90 நுண்மணிகள். நலமான கல்லீரல் தன் ரத்தத்தில் முக்கால் பங்கை, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரையிலிருந்து பெறுகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் கல்லீரல் தமனியையே நம்பியிருக்கிறது. ஆகவே தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையில் மணிகளை விட்டால் அவை கட்டிக்குள் போய்த் தங்கிவிடும். அவற்றின் கதிர் திசுவுக்குள் சராசரியாக 2.5 மி.மீ. தூரமே பாயும். அரை ஆயுள் 64 மணி நேரம். இரண்டு வாரத்தில் வீரியம் கிட்டத்தட்ட தீர்ந்துவிடும்.

முன்னதாக ஓர் ஒத்திகை உண்டு. டெக்னீசியம் கலந்த துகள்களை அதே வழியில் அனுப்பி, எவ்வளவு நுரையீரலுக்குக் கசிகிறது என்று பார்ப்பார்கள். கசிவு அதிகமென்றால் இந்தச் சிகிச்சை கிடையாது. ஒத்திகையைத் தவிர்த்துச் செலவைக் குறைக்கலாமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

எது மேல் என்றால், கட்டியைப் பொறுத்தது. ஒரே கட்டி, தெளிவான தமனி, கட்டுக்குள் உள்ள நோய் என்றால் இட்ரியம் நன்றாக வேலை செய்கிறது. கட்டி வாங்கும் டோஸை ஆளுக்கு ஆள் கணக்கிட்டுச் செலுத்தினால் பலன் வெகுவாகக் கூடுகிறது என்று 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. கணக்கிட்டுச் செலுத்தியவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 26.6 மாதம், எல்லோருக்கும் ஒரே வழக்கமான அளவு என்று செலுத்தியவர்களுக்கு 10.7 மாதம். ஆகவே மருத்துவமனையில், “டோஸை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?” என்று கேளுங்கள்.

பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதை மட்டும் சில நாட்கள் தள்ளிப்போடுங்கள். மருத்துவமனை எத்தனை நாள் என்று எழுதித் தரும். வெளியிலிருந்து கதிர்வீச்சு வாங்கியவர் உடம்பில் எதுவும் தங்குவதில்லை. அன்று மாலையே குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

கேள்வி: என் கணவருக்குக் கட்டி போர்ட்டல் சிரைக்குள் நுழைந்துவிட்டது. “இனி ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்” என்றுவிட்டார்கள். வயது 51. வேறு எதுவும் இல்லையா டாக்டர்?

அம்மா, இப்படிச் சொல்லி அனுப்பியது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சிரைக்குள் நுழைந்த புற்று கடினமான நிலைதான், மறைக்க மாட்டேன். ஆனால் கல்லீரலின் செயல்பாடு நன்றாக இருந்தால் கதிர்வீச்சுக்கு உண்மையான பங்கு இருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

தென்கொரியாவின் சியோலில் இதே நிலையிலிருந்த 90 பேரிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. பாதிப் பேருக்கு அப்போதைய வழக்கமான சோராஃபெனிப் மாத்திரை. மறுபாதிக்குக் கட்டிக்குப் போகும் தமனி வழியே செலுத்தும் புற்றுநோய் மருந்தும் கதிர்வீச்சும். இடைநிலை ஆயுள் முதல் குழுவில் 43 வாரம், இரண்டாவதில் 55 வாரம். இரண்டாம் குழுவில் 5 பேருக்கு நோய் பின்வாங்கி, அறுவை சிகிச்சையே செய்ய முடிந்தது. இவர்கள் அனைவரும் சைல்டு-பியூ ‘ஏ’ பிரிவினர் என்பதை மறக்க வேண்டாம்.

அதன்பின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் வந்துவிட்டன. அறுவை, கல்லீரல், கதிரியக்க, மருந்து நிபுணர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ட்யூமர் போர்டு உள்ள பெரிய மருத்துவமனைக்கு எல்லா ஸ்கேன் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். படச்சுருள் போதாது, சி.டி.யைப் பதிவு செய்த தகட்டையும் கேட்டு வாங்குங்கள். இந்த வாரமே போங்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்து மூன்று மாதம். ஸ்கேனில் கட்டி அதே அளவில் இருக்கிறது. பணமெல்லாம் வீணா?

இல்லை. கதிர்வீச்சுக்குப் பின் கட்டி மெல்லத்தான் சாகும். ஸ்கேனுக்காக ஏற்றும் சாயம் தமனி வழியே கட்டிக்குள் நிறைந்து தெரிவதுகூடச் சில மாதங்கள் நீடிக்கலாம். வளர்கிறதா, ரத்தத்தில் ஏ.எஃப்.பி. (இந்தக் கட்டி வெளியிடும் ஒரு புரதம்) அளவு இறங்குகிறதா என்று பாருங்கள். முதல் ஸ்கேனை மட்டும் வைத்து அவசரமாக வேறு சிகிச்சைக்கு மாற வேண்டாம்.

கேள்வி: கூடவே கீழாநெல்லி கொடுக்கலாமா? புரதம் கூடாதாமே?

காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமானது. அந்த நம்பிக்கையை நான் அவமதிக்கவில்லை. அது இந்தக் கட்டியைக் கரைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. கதிர்வீச்சு நடக்கும் மாதங்களில் நிறுத்தி வையுங்கள். என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத பொடிகளையும் லேகியங்களையும் கண்டிப்பாக. சீந்தில் கொடிச் சாற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

புரதத்தைக் குறைப்பது பழைய தவறு. சிரோசிஸ் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, தயிர் கொடுங்கள். படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வையுங்கள். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் தசை கரைகிறது. வயிற்றில் நீர் இருந்தால் அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றையும் நிறுத்துங்கள். மது அறவே கூடாது.

கேள்வி: புரோட்டான் சிகிச்சைக்காக நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறோம்.

விற்காதீர்கள், முதலில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். புரோட்டான் கட்டியைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்றுவிடும். பெரிய கட்டி, பலவீனமான கல்லீரல் என்றால் அது உண்மையான நன்மை. ஜப்பானில் 4 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட, அறுவை செய்ய இயலாத கட்டிகளுக்கு 2022 முதல் காப்பீடே உண்டு. சென்னையில் 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. ஆனால் சிறிய கட்டிக்குச் சாதாரண எஸ்.பி.ஆர்.டி.யே பெரும்பாலும் போதும். இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் வைத்து, நலமான கல்லீரல் வாங்கும் சராசரி டோஸில் வேறுபாடு எவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள். வேறுபாடு சிறிதென்றால் நிலம் நிலமாகவே இருக்கட்டும்.

கேள்வி: பாட்டிக்குக் கடைசிக் கட்டம். கல்லீரல் வீங்கி, வலியால் துடிக்கிறார். மார்ஃபின் போதவில்லை.

ஒரே ஒரு தடவை, 8 கிரே கதிர்வீச்சு. கனடாவில் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது: ஒரு மாதத்தில் வலி குறைந்தவர்கள் கதிர்வீச்சு பெற்றவர்களில் 67 சதவீதம், பெறாதவர்களில் 22 சதவீதம். முன்பே குமட்டல் தடுப்பு மருந்து கொடுத்தால் போதும், அன்றே வீட்டுக்குப் போகலாம். ஆயுளை நீட்ட அல்ல, நிம்மதியாகத் தூங்க. மார்ஃபினையும் நிறுத்த வேண்டாம். அளவைக் கூட்டலாமா என்று வலிநிவாரண மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி-யால் வந்தது. எங்களுக்கும் வருமா?

புற்றுநோய் தொற்றாது, வைரஸ் தொற்றும். அம்மா, நீங்கள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் இந்த வைரஸைக் கண்டறியும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மூன்று தவணைத் தடுப்பூசி. இருந்தால் பயப்பட வேண்டாம்: தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். மருந்து தேவையோ இல்லையோ, கல்லீரல் மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில் இருங்கள். சிரோசிஸ் இருப்பவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு எடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுத்திருந்தால் உங்கள் அப்பாவின் கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிபட்டிருக்கலாம்.