ஏரோ இந்தியாவுக்கு எந்த லென்ஸ்? 600ஐ விடுங்கள், 100ஐப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். நிக்கான் டி7500 கேமராவும் 18-140, 70-300 லென்ஸ்களும் வைத்திருக்கிறேன். 2025 பிப்ரவரியில் எலகங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி பார்க்கப் போனேன். எடுத்த படங்களில் பாதிக்கு மேல் விமானம் பொட்டு மாதிரி சின்னதாகவும் மங்கலாகவும் விழுந்துவிட்டது. அடுத்தது 2027ல் வரும், அதற்குள் பெரிய லென்ஸ் ஒன்று வாங்க ஆசை. சிக்மா அல்லது டாம்ரான் 150-600 வாங்கலாமா, நிக்கான் 200-500 வாங்கலாமா? வருடத்துக்கு மூன்று நான்கு தடவை பறவைகளும் எடுப்பேன். வலது மணிக்கட்டில் பழைய வலி ஒன்று இருக்கிறது. இரண்டு படங்கள் அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களிலேயே பதில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படம் ரஷ்யாவின் சு-57. லென்ஸ் 300 மி.மீ. (இந்த எண் கூடக்கூட விமானம் பெரிதாகத் தெரியும், படத்தில் அடங்கும் அகலம் குறையும்), ஷட்டர் வேகம் 1/320 நொடி, நேரம் பகல் 1.10. விமானம் படத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. அந்த விமானம் சுமார் 20 மீட்டர் நீளம். அப்படியானால் உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்திருக்கிறது. இரண்டாவது படம் விமானப்படையின் சாகச அணியான சூர்யகிரண். ஒன்பது ஹாக் விமானங்களும் கூட்டத்தை நோக்கித் திரும்பும் நேரம். அருமையான தருணத்தில் அழுத்தியிருக்கிறீர்கள். அதன் விவரத்தைப் பார்த்தால் 110 மி.மீ. என்று இருக்கிறது. அப்படியும் இரண்டு ஓரத்திலும் விமானங்கள் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன.

இப்போது இந்த இரண்டாவது படத்தை நீங்கள் கேட்ட லென்ஸ்களோடு நினைத்துப் பாருங்கள். 200-500 போட்டிருந்தால், முழுக்கப் பின்னால் இழுத்தாலும் இந்த அகலத்தில் பாதிதான் கிடைத்திருக்கும். 150-600 என்றால் கால் பங்குக்கு மேல் வெட்டுப்பட்டிருக்கும். 2023 ஏரோ இந்தியாவில் நான் வாடகைக்கு எடுத்த 150-600ஐ மாட்டிக்கொண்டு போய் இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். சூர்யகிரண் பக்கத்தில் வந்தபோதெல்லாம் ஐந்து விமானம், ஆறு விமானம் என்றுதான் படத்தில் விழுந்தது. லென்ஸ் மாற்ற நேரம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: விமானக் கண்காட்சிக்கு ஜூம் வாங்கும்போது பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைவிடச் சின்ன எண்ணை முதலில் பாருங்கள்.

சரி, தூரத்தில் இருக்கும் விமானத்துக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்கு போடலாம். டி7500 சென்சாரின் அகலம் 23.5 மி.மீ. அதை லென்ஸின் மி.மீ. அளவால் வகுத்து, தூரத்தால் பெருக்கினால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று தெரிந்துவிடும். நம்முடைய தேஜஸ் போர் விமானம் 13.2 மீட்டர் நீளம். அது 500 மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300ல் 39 மீட்டர் அடங்கும், தேஜஸ் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கும். 400ல் 29 மீட்டர், ஏறக்குறையப் பாதி. 600ல் 20 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, மூன்றில் இரண்டு பங்கு.

காகிதத்தில் 600தான் ஜெயிக்கிறது. ஆனால் மணிக்கு 600 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் ஒரு நொடியில் 160 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். 20 மீட்டர் அகலமுள்ள ஜன்னலுக்குள் அதைத் தேடிப் பிடித்து, விடாமல் கூடவே கேமராவைத் திருப்பிக்கொண்டு போவது நல்ல பழக்கம் உள்ளவர்களுக்கே கஷ்டம். மூக்கு இருக்கும், வால் இருக்காது. இன்னொன்று, டி7500 கேமராவில் 20.9 மெகாபிக்சல் இருக்கிறது. 400ல் எடுத்த படத்தை 600ல் எடுத்தது போல வெட்டினாலும் 9 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 அளவுக்குத் தாராளம், ஏ3 அளவுகூடச் சமாளிக்கும்.

ஆகவே என் தேர்வு, உங்கள் பட்டியலில் இல்லாத 100-400. உங்கள் கேமராவின் சென்சார் சின்னது என்பதால், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 150-600 காட்டும் அதே பார்வையை இது உங்களுக்குத் தரும். சிக்மா 100-400 கன்டெம்பரரி, டாம்ரான் 100-400 இரண்டுமே நிக்கான் டி.எஸ்.எல்.ஆர்.களுக்கு வந்தவை. சிக்மா 1,160 கிராம், டாம்ரானும் ஏறக்குறைய அதே எடை. நிக்கான் 200-500, டிரைபாடில் பொருத்தும் வளையமான காலரோடு 2,300 கிராம். சிக்மா 150-600 கன்டெம்பரரியும் 1,930 கிராம் இருக்கிறது. மணிக்கட்டு வலியை நீங்கள் கடைசிக்கு முந்தைய வரியில் எழுதியிருந்தீர்கள். நான் அதைத்தான் முதல் வரியாக எடுத்துக்கொள்கிறேன். பறவைக்காக ஏரிக்கரையில் உட்கார்ந்தால் டிரைபாட் வைத்துக்கொள்ளலாம். வான்சாகசத்தில் விமானம் தலைக்கு மேல் போகும், பின்பக்கம் திரும்பும். மோனோபாட்கூட அங்கே உதவாது, எல்லாமே கைதான். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் பலர் வெயிலில் மயங்கி விழுந்ததும் சிலர் உயிரிழந்ததும் நமக்கு மறந்திருக்காது. பெங்களூரு பிப்ரவரி அவ்வளவு கடுமையில்லை என்றாலும், நிழலில்லாத வெட்டவெளியில் மணிக்கணக்காக நிற்கிற நாளில் கையிலிருந்து ஒரு கிலோவுக்கு மேல் குறைவது பெரிய விஷயம். குறைந்த எடைக்கு ஈடாகத் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்மாவா, டாம்ரானா? எனக்கு சிக்மா பிடிக்கும். காரணம் ஒன்றுதான்: அதை வளையத்தைத் திருகியும் ஜூம் செய்யலாம், முன்பக்கத்தைப் பிடித்து நேராக இழுத்தும் தள்ளியும் செய்யலாம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இழுத்துத் தள்ளுவதுதான் வேகம். மணிக்கட்டைத் திருகவும் வேண்டாம். நடுங்காமல் பிடிக்க உதவும் ஓ.எஸ். பொத்தானில் 2 என்ற நிலை, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே எடுப்பதற்கானது. ஃபோகஸ் எல்லையை 6 மீட்டரிலிருந்து முடிவிலி வரை என்று வைத்துவிட்டால், முன்னால் நிற்பவர் தலையில் ஃபோகஸ் போய் நிற்காது. டாம்ரானுக்கு டிரைபாட் காலர் தனியாக வாங்கிப் போட முடியும், சிக்மாவுக்கு அந்த வசதி கிடையாது. பறவைக்கு டிரைபாட் கட்டாயம் என்றால் டாம்ரான் பக்கம் போங்கள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வர்ட்டர் வேண்டாம். 1.4 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் எஃப் 6.3 என்பது எஃப் 9 ஆகிவிடும், அதாவது உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகும், உங்கள் கேமரா ஃபோகஸ் பிடிக்கத் தடுமாறும். அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் எஃப் 2.8 லென்ஸ்களுக்காக ஏங்கவும் வேண்டாம். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8 வைத்தாலே 1/1600 கிடைத்துவிடுகிறது. போலரைசர் ஃபில்டரையும் வீட்டில் வைத்துவிடுங்கள். வெளிச்சத்தைக் குடிப்பதோடு, விமானி அமரும் இடத்தின் கண்ணாடி மூடியில் வானவில் திட்டுகளை வரவழைக்கும்.

இனி அந்த மங்கலுக்கு வருகிறேன். இது முக்கியம், ஏனென்றால் எந்த லென்ஸ் வாங்கினாலும் இது கூடவே வரும். சு-57 படம் மங்கியதற்கு இரண்டு காரணம். ஒன்று, 1/320 போதாது. ஜெட் விமானத்துக்கு 1/1000க்குக் கீழே போகாதீர்கள், 1/1600 நல்லது. இரண்டாவது, கானல். பகல் ஏற ஏற ஓடுபாதையும் புல்வெளியும் சூடாகி, மேலே எழும் வெந்த காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியைக் கண்டபடி வளைக்கின்றன. தூரத்தில் இருக்கும் விமானம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நெளிவது அதனால்தான். உங்கள் படத்தை முழு அளவில் பார்த்தால் இறக்கை விளிம்பு அலையலையாக இருப்பது தெரியும். 600 மி.மீ. அந்த விமானத்தைப் பெரிதாக்கியிருக்கும், கூடவே அந்த நெளிவையும் அதே அளவுக்குப் பெரிதாக்கியிருக்கும். எத்தனை விலை கொடுத்தாலும் கானலைத் தாண்டிப் பார்க்கும் லென்ஸ் இல்லை. எனவே தரையை ஒட்டிய காட்சிகளை, அதாவது ஓடுபாதையில் ஓடுவது, மேலெழுவது, இறங்குவது எல்லாவற்றையும் காலை நேரத்தில் எடுத்துவிடுங்கள். பதினொரு மணிக்கு மேல் உயரத்தில், அருகில் வரும் விமானங்களை மட்டும் குறிவையுங்கள்.

நிற்கும் இடமும் லென்ஸுக்குச் சமமான விஷயம். எலகங்கா ஓடுபாதை கிழக்கு மேற்காகப் போகிறது. பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஓடுபாதைக்குத் தெற்கே நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகில், வடக்கே நின்றால் கண்ணில். டிக்கெட் எடுத்ததும் வரைபடத்தில் உங்கள் பகுதி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்வெளிச்சமாக அமைந்தால், விமானம் கறுப்பு அட்டை மாதிரி விழாமலிருக்க எக்ஸ்போஷரைக் கூட்டி, பிளஸ் 0.7லிருந்து 1 வரை வையுங்கள். பிரகாசமான வானத்தைப் பார்த்துக் கேமரா ஏமாறுவதைச் சரிசெய்ய அதுதான் வழி.

ஃபோகஸுக்கு, நகரும் பொருளைத் தொடர்ந்து பிடிக்கும் ஏ.எஃப்-சி, சில புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும் குரூப் ஏரியா. வெறும் வானத்தில் ஒற்றைப் புள்ளியை விமானத்தின் மேல் நிறுத்திவைப்பதைவிட இது எளிது.

ஹெலிகாப்டர் வந்ததும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கோவை சூலூரிலிருந்து வரும் சாரங் அணி 2025ல் இல்லை, துருவ் ஹெலிகாப்டர்கள் அப்போது பறக்காமல் நிறுத்தப்பட்டிருந்தன. அவர்கள் மறுபடி வந்தால் 1/1600ல் எடுக்காதீர்கள். விசிறி அப்படியே உறைந்து, நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மை போல இருக்கும். 1/250ல் தொடங்கி, கை பழகியதும் 1/125 வரை இறங்குங்கள். பத்தில் எட்டு கெட்டுப்போகும், மிஞ்சும் இரண்டும் உயிரோடு இருக்கும். எச்.டி.டி-40 போன்ற புரொப்பல்லர் விமானங்களுக்கும் இதே கணக்குதான்.

18-140ஐப் பையில் மறக்காமல் வையுங்கள். சூர்யகிரண் பிரிந்து நாலா பக்கமும் புகையோடு விரியும்போது 100கூட நெருக்கடிதான்.

வாங்குவதற்கு முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் லென்ஸ் வாடகைக் கடைகளுக்குக் குறைவில்லை. ஏரோ இந்தியா வாரத்தில் போய்க் கேட்டால் மட்டும் கிடைக்காது. உங்களுடையது டி.எஸ்.எல்.ஆர். என்பதால் செகண்ட் ஹேண்டில் நல்ல லென்ஸ்கள் கைக்கு வருகின்றன. அதிலும் தயக்கம் வேண்டாம். பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, எத்தனை மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். சென்னை, மும்பை போன்ற கடலோர ஊர்களிலிருந்து வந்த லென்ஸ் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அப்புறம் கடை வாசலில் நின்று எதிர்த்தெருப் பெயர்ப்பலகையை 400ல், அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து எடுங்கள். ஒரு பக்க எழுத்து கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்தால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். ஒருவேளை ஓரிரு வருடத்தில் மிரர்லெஸ் இசட் கேமராவுக்கு மாறும் எண்ணம் இருந்தால், அதற்கென்றே தனி லென்ஸ்கள் இருப்பதால், இப்போது எதுவும் வாங்காமல் வாடகையிலேயே ஓட்டுங்கள்.

மீதியெல்லாம் கைப்பழக்கம். அதற்கு நல்ல இடம் அல்சூர் ஏரி. திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் காலை ஏழு மணிக்கு நின்றால் கரும்பருந்துகள் வட்டமடித்து, திடீரென்று தண்ணீரை நோக்கிப் பாயும். ஏரோ இந்தியா நெருங்கும்போது எலகங்காவைச் சுற்றி இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வதும், கழிவைத் தேடி வரும் இந்தப் பருந்துகள் விமானங்களில் மோதிவிடக் கூடாது என்பதற்காகத்தான். சாமர்த்தியமாகப் பறப்பவை. அவற்றை 400ல் விடாமல் பின்தொடரப் பழகிவிட்டால் தேஜஸ் எளிதாகத் தெரியும். வாரம் ஒரு காலை, இரண்டு மாதம் போதும். ஏரியின் ஒரு பக்கம் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் ராணுவ இடம், அந்தத் திசையில் மட்டும் லென்ஸைத் திருப்பாதீர்கள். எச்.ஏ.எல். விமான நிலைய மதிலுக்கு வெளியே நின்று பழகலாம் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள், அதுவும் பாதுகாப்புத் துறை வளாகம்.