மணல் மைதானத்தில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு பி.டி. பீரியடு: எதை வாங்குவது, எதை நாமே செய்வது?

கேள்வி: மண்டபம் பக்கம் கடலோர அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள மாணவி ஒருத்தி சக்கர நாற்காலியில் வருகிறாள். முழுப் பார்வையற்ற மாணவன் ஒருவன், டவுன் சிண்ட்ரோம் உள்ள பையன் ஒருவன். மைதானம் முழுக்க மணல். பி.டி. பீரியடில் மூன்று பேரும் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் பைக்குக் காவல் இருக்கிறார்கள். விளையாட்டு மானியத்தில் இவர்களுக்கு என்ன வாங்கலாம்?

பதில்: உயர்நிலைப் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் விளையாட்டு மானியம் ஆண்டுக்கு அதிகபட்சம் 25,000 ரூபாய். கேட்லாக்கைப் பார்த்து வாங்க ஆரம்பித்தால் இரண்டு பொருளிலேயே தீர்ந்துவிடும். உங்களுக்கு முதலில் வேண்டியது பொருள் அல்ல, தரை.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வட்டார வள மையத்தின் இயன்முறை மருத்துவரையும் சிறப்புப் பயிற்றுநரையும் வரவழைத்து, ஒவ்வொரு குழந்தைக்கும் எந்த அசைவு கூடாது, வலிப்பு வருமா, என்ன மாத்திரை சாப்பிடுகிறது என்று எழுதி வாங்குங்கள். டவுன் சிண்ட்ரோம் பையனுக்கு இது மிக முக்கியம். இவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே பிடிப்பு தளர்ந்திருக்கும், வெளியே தெரியாது. மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை குட்டிக்கரணம், சிரசாசனம், உயரம் தாண்டுதல், தலையால் பந்தை முட்டுவது, கபடி எதுவும் வேண்டாம். நடை திடீரென்று மாறினாலோ, கழுத்து வலி என்றாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இனி தரை. மணலில் நாற்காலியின் முன் சக்கரங்கள் புதையும். பின்னாலிருந்து வேகமாகத் தள்ளினால் நாற்காலி முன்பக்கம் கவிழ்ந்து பிள்ளை முகம் குப்புற விழும். மணலைக் கடக்க வேண்டியிருந்தால் நாற்காலியைத் திருப்பி, பின்னோக்கி இழுத்துச் செல்லுங்கள். இடுப்பெலும்பின் மேல் இரண்டு அங்குல அகல நாடாவால் கட்டுங்கள், வயிற்றின் மேல் அல்ல. மணலில் ஓலைப்பாய் விரிக்கும் யோசனை பலருக்கும் வரும். சக்கரத்தின் எடை ஒரே கோட்டில் இறங்குவதால் பாய் சீக்கிரமே கிழியும். ஊரில் மீன் ஏலக் கூடமோ, வலை பின்னும் கூடமோ, புயல் பாதுகாப்பு மையமோ சிமெண்ட் தரையோடு இருக்கும். வாரம் ஒரு பீரியடுக்குத் தலைமையாசிரியர் மூலம் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு வகுப்பறையைக் காலி செய்தாலே போதும். எங்கே நடத்தினாலும் முதலில் பெருக்கிவிடுங்கள். நம் மாவட்டத்துச் சீமைக்கருவேல முள்ளுக்கு டயரும் ஒன்றுதான், பாதமும் ஒன்றுதான்.

அந்த மாணவிக்கு ஏற்ற விளையாட்டு போச்சா. 1984 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. சிவப்புப் பந்து 6, நீலம் 6, இலக்காக வெள்ளை 1. வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட்டு, அதற்கு நெருக்கமாகத் தன் பந்துகளை நிறுத்துபவருக்குப் புள்ளி. முழு ஆடுகளம் 12.5 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம். வகுப்பறையில் அதில் பாதி அளவே தாராளம்.

பந்தை நீங்களே தைக்கலாம். விதிப்படி எடை சுமார் 275 கிராம், சுற்றளவு 27 செ.மீ. கைக்கு எட்டும் கடல் மணலை நிரப்பத்தான் மனம் போகும். இறுக்கி நிரப்பினால் அரைக் கிலோவைத் தாண்டும், அவளால் வீச முடியாது. பாதி நிரப்பினால் தொளதொளவென்று உருளாமல் உட்கார்ந்துவிடும். அரிசிக் குருணை இந்த அளவுக்குக் கிட்டத்தட்ட சரியாக வரும். வெறும் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, கெட்டி பாலிதீன் பையில் கட்டி, மேலே பழைய ஜீன்ஸ் துணியால் உறை தையுங்கள். வறுக்காவிட்டால் கடல் காற்றின் ஈரத்துக்குப் பூசணம் பிடிக்கும், வண்டு வைக்கும். ஒவ்வொன்றையும் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

கையால் வீச முடியவில்லை என்றால் சறுக்குப் பாதை செய்துகொடுங்கள். 110 மி.மீ. பி.வி.சி. குழாய் நான்கு அடி வாங்கி நெடுக்குவாட்டில் இரண்டாக அறுங்கள். விளிம்பை எமரித் தாளால் தேய்த்துவிடுங்கள். கீழ் முனையைச் சாய்வாகச் சீவி, தரையோடு ஒட்டி உட்கார வையுங்கள். அரை அங்குலம் தூக்கி நின்றாலும் பந்து அந்த இடத்தில் குதித்துத் திசை மாறும். பாதையில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு வரைந்து எண் போடுங்கள். எந்த எண்ணில் வைத்து விட்டால் எவ்வளவு தூரம் போகிறது என்று அவளே கண்டுபிடிப்பாள். உதவிக்கு நிற்கும் தோழி ஆடுகளத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். இது போட்டி விதியே. தோழி திரும்பிப் பார்த்தால் ஆட்டம் தோழியுடையதாகிவிடும். இடமா வலமா, எந்த எண் என்பதை வாயாலோ கையாலோ கண்ணாலோ அவள்தான் சொல்ல வேண்டும். விசிலை அவள் பக்கத்தில் ஊதாதீர்கள். மூளை முடக்குவாதம் உள்ள பலருக்குத் திடீர்ச் சத்தத்தில் உடம்பு தூக்கிப்போடும், கையில் இருக்கும் பந்து நழுவும். எதிரணியில் ஆடும் மற்ற பிள்ளைகளும் நாற்காலியில் உட்கார்ந்துதான் வீச வேண்டும்.

பார்வையற்ற மாணவனுக்கு ஓட்டம். இதற்கு மணலே நல்லது, விழுந்தாலும் அடி இல்லை. முப்பது மீட்டர் கயிற்றை இரண்டு தூணுக்கு நடுவே அவன் இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். நைலான் கயிறு நனைந்தால் நீண்டு தொய்யும், அதனால் ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பாருங்கள். கயிற்றில் ஒரு வளையம் கோத்து அதைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்லுங்கள். வெறும் கையால் பிடித்தால் தோல் உரியும். தூணுக்கு மூன்று மீட்டர் முன்னால் வளையம் தட்டி நிற்கும்படி பெரிய முடிச்சு ஒன்று போடுங்கள். பனை மரத்தில் கட்டுவதாக இருந்தால் பக்கத்துக் கருக்கை முதலில் வெட்டிவிடுங்கள்.

சத்தப் பந்துக்கு, பழைய கால்பந்தைச் சரசரக்கும் உரச் சாக்கின் உள்தாளில் சுற்றி நூலால் கட்டினால் போதும். பந்து நின்றதும் சத்தமும் நின்றுவிடும். அப்போது பந்துக்குப் பக்கத்தில் ஒருவன் கைதட்ட வேண்டும். இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கே வரும். ஆனி, ஆடியில் தென்கடல் பக்கத்திலிருந்து அடிக்கும், ஐப்பசிக்குப் பிறகு வாடை. கூப்பிடுபவன் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும், அப்போதுதான் குரல் பையனிடம் வரும். எதிர்ப்பக்கம் நின்று கத்தினால் தொண்டைதான் போகும். பலத்த காற்று நாளில் பள்ளிச் சுவரின் மறைவில் நடத்துங்கள். நடக்கும் வரை மற்றவர்கள் பேசக் கூடாது. வகுப்புக்கு இது கடினமான விதி, ஆனாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டவுன் சிண்ட்ரோம் பையனுக்குத் தனிக் கருவி தேவையில்லை. ஒரு தடவைக்கு ஒரு சொல், கூடவே நீங்கள் செய்து காட்டுவது, தினமும் அதே வரிசை. பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மெதுவாக எழும்பும், பிடிக்க நேரம் கிடைக்கும். போச்சாவில் புள்ளி எண்ணும் வேலையை அவனுக்கும் முறைவைத்துக் கொடுங்கள். ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த வேலை மட்டும் வேண்டாம்.

வெயில் விஷயத்தில் பத்து மணிக்கு மேல் மணல் வேண்டாம். தண்டுவடப் பாதிப்பால் காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளை பின்னால் சேர்ந்தால், சுடு மணல் பொசுக்குவது அதற்கே தெரியாது.

இவ்வளவுக்கும் துணி, குருணை, குழாய், கயிறு, தையல் கூலி போக மானியத்தில் பெரும்பகுதி மிச்சம் இருக்கும். அதில் சக்கர நாற்காலி போய்வரச் சாய்தளமும், வகுப்பறையிலிருந்து அதுவரை ஒரு சிமெண்ட் பாதையும் போட முடியுமா என்று பாருங்கள். விளையாட்டு மானியத்தில் கட்டுமானச் செலவு தணிக்கையில் நிற்காது என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு ஊராட்சியிடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16 மற்ற மாணவர்களுக்குச் சமமாக விளையாட்டு வாய்ப்பு தரச் சொல்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மூவருக்கும் தேசிய அடையாள அட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.