மறந்து பார்த்தால்தான் மறதி புரியும்

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். பொதுத்தேர்வுக்கு முன்பு நினைவாற்றல் பற்றி இரண்டு பீரியட் நடத்தித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். தேடினால் மூளைப் படமும் பத்துக் குறிப்புகளும்தான் கிடைக்கின்றன. அவற்றைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் பழையபடியே படிப்பார்கள். இதற்கிடையில், நன்றாக உழைக்கும் ஒரு மாணவி, "எனக்கு மட்டும் எதுவுமே மண்டைல நிக்காது மிஸ்" என்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: மூளைப் படத்திலிருந்து தொடங்க வேண்டாம். நினைவைப் பதியவைக்க உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி மூளையில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளை அன்று மாலை புத்தகத்தை வேறு விதமாகத் திறக்கப்போவதில்லை. தன் நினைவு தன்னையே ஏமாற்றுவதை அது கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் வகுப்பறையும் வெள்ளைத் தாளும் போதும்.

வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: பழுப்பு நிறப் பத்து ரூபாய் நோட்டின் பின்பக்கம் என்ன படம் இருக்கிறது? யாரும் பையைத் திறக்காமல் எழுதட்டும். விடை கோனார்க் சூரியன் கோயில். 2018இலிருந்து புழங்குகிற நோட்டு, எத்தனையோ முறை கை மாறியிருக்கும். ஆனாலும் பெரும்பாலோர் விழிப்பார்கள். இதற்குப் பெயர் மறதி இல்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள். கவனித்துப் பார்க்காதது உள்ளே போகவே இல்லை, போகாததை மறக்க முடியாது. "அஞ்சு தடவை படிச்சேன் மிஸ், மறந்துடுச்சு" என்பதில் பாதி இந்த வகைதான்.

அடுத்து, நொடிக்கு ஓர் இலக்கமாக 1, 9, 4, 7, 1, 9, 5, 6, 1, 9, 6, 9 என்று சீரான குரலில் வாசித்துவிட்டு, அதே வரிசையில் எழுதச் சொல்லுங்கள். பலர் நடுவில் தடுமாறுவார்கள். பிறகு கரும்பலகையில் 1947, 1956, 1969 என்று எழுதுங்கள். விடுதலை, மொழிவாரி மாநிலங்கள், தமிழ்நாடு என்ற பெயர். பன்னிரண்டு சுமை மூன்றாகிவிட்டது. ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்கக்கூடியது ஏறத்தாழ ஏழு உருப்படிகள் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார்; பின்னால் வந்த ஆய்வுகள் அதை நான்கு வரை குறைத்துவிட்டன. எண்ணிக்கையைவிட முக்கியமானது ஒன்று உண்டு: அந்த மூன்று ஆண்டுகளும் முன்பே தெரிந்த பிள்ளைக்குத்தான் சுமை குறைந்தது. புதியது பிடித்துக்கொள்ள உள்ளே ஏதாவது கொக்கி வேண்டும். அடிப்படை விட்டுப்போன பிள்ளைக்கு ஒரே பத்தி பக்கத்திலிருப்பவளைவிடப் பல மடங்கு கனம். உங்கள் மாணவியைப் பற்றி நினைக்கும்போது இதை முதலில் பாருங்கள்.

இனி முக்கியமான சோதனை. முதல் பீரியடின் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள்.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பத்தியை, பதினைந்து வரிக்கு மிகாமல், நகலெடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். பெஞ்சு வாரியாகப் பிரிக்க வேண்டாம், நன்றாகப் படிப்பவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். வருகைப் பதிவேட்டு எண் ஒற்றை, இரட்டை என்று பிரிப்பது நல்லது. ஓர் அணி பத்தியை நான்கு முறை வாசிக்கட்டும். மற்ற அணி ஒரே முறை வாசித்துவிட்டு, பத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நினைவில் இருப்பதையெல்லாம் வெள்ளைத் தாளில் எழுதட்டும். ஒவ்வொரு முறையும் புதுத் தாள், இப்படி மூன்று முறை. முடிந்ததும் எல்லோரையும் ஒன்று கேளுங்கள்: ஒரு வாரம் கழித்து இதில் எவ்வளவு உனக்கு நினைவிருக்கும்? பத்துக்கு எத்தனை என்று எழுதி மடித்துக் கொடுக்கட்டும். அந்தத் தாள்களை ஓர் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள்.

அன்றைக்கே தேர்வு வைத்துவிடாதீர்கள். வைத்தால் நான்கு முறை வாசித்தவர்களே ஜெயிக்கக்கூடும், பாடம் தலைகீழாகப் போய்விடும். இந்தச் சோதனையின் மூலவடிவத்தை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்டார்கள். சூரியன், கடல் நீர்நாய் என்று சாதாரணப் பத்திகள்தான். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, நான்கு முறை வாசித்தவர்கள் 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை வாசித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியவர்கள் 71தான். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40க்கு இறங்கிவிட்டார்கள், எழுதியவர்கள் 61இல் நின்றார்கள். ஆனால் தனக்கு அதிகம் நினைவிருக்கும் என்று நம்பியது வாசித்த அணிதான்.

எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது அந்த நம்பிக்கைதான். திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரி பழகிவிடுகிறது, கண் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. அந்தப் பழக்கத்தைப் பிள்ளை 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. எழுதிப் பார்ப்பவருக்கோ திணறலாக இருக்கிறது. அந்தத் திணறலைத் தோல்வி என்று எண்ணிக் கைவிட்டுவிடுகிறார். வேர் பிடிப்பது அந்தத் திணறலில்தான். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருப்பதை எழுதச் சொல்லித் தேர்வு வையுங்கள்; பிறகு உறையைப் பிரித்து, கணிப்பையும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்காட்டுங்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரே வகுப்பில் முடிவு பிசகவும் செய்யலாம். பிசகினால் மறைக்காமல் சொல்லுங்கள், மேலே சொன்ன எண்களை எழுதிக்காட்டுங்கள். இன்னொரு பத்தியோடு அணிகளை மாற்றியும் செய்து பார்க்கலாம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்பாட்டு ஏட்டைப் பிள்ளைகள் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன் முன் நின்று ஒப்பிக்க வேண்டியிருந்தது. ஒப்பிப்பது என்றால் ஏடு இல்லாமல் உள்ளிருந்து எடுப்பது. அந்தாதியில் ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல்லாக வந்து கையைப் பிடித்து இழுக்கிறது. நினைவுக்குத் தூண்டுகோல் வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது. மனப்பாடத்தை மொத்தமாகப் பழிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. புரியாமல் உருப்போடுவதுதான் கெடுதல்; புரிந்ததை ஒப்பித்துப் பார்ப்பது மிக நல்ல படிப்பு.

இரண்டாம் பீரியடில், ஏன் மறக்கிறோம் என்பதற்கு வாருங்கள். குவிலென்சையும் குழிலென்சையும் மாற்றி எழுதும் பிள்ளைகள் உங்களிடம் நிறைய இருப்பார்கள். அது அழிந்துபோன நினைவு இல்லை, ஒன்றை ஒன்று மறைக்கும் குறுக்கீடு. ஒன்றைப் படித்து முடித்து மற்றதைப் படிப்பதைவிட, இரண்டையும் ஒரே தாளில் எதிரெதிரே வரைந்து எங்கே வேறுபடுகின்றன என்று பிள்ளையே எழுதுவது உதவும். நுனி நாக்கில் நின்று வராத பெயர் இன்னொரு வகை. இருக்கிறது, தூண்டுகோல்தான் சிக்கவில்லை.

தூக்கத்தையும் ஒரு வரியில் விட்டுவிடாதீர்கள். 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற உளவியலாளர்கள் இரண்டே கல்லூரி மாணவர்களை வைத்து, படித்ததும் தூங்கினால் எவ்வளவு நிற்கிறது, விழித்திருந்தால் எவ்வளவு நிற்கிறது என்று ஒப்பிட்டார்கள். தூங்கியவர்களுக்கே அதிகம் நின்றது. அதற்குப் பின் வந்த ஏராளமான ஆய்வுகளும் அதே பக்கம்தான். தேர்வு மாதத்தில் இரவு பன்னிரண்டுக்குப் படுத்து நான்கு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

'படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20 சதவீதம் நினைவில் நிற்கும்' என்ற கூம்புப் படம் பயிற்சி வகுப்புகளில் சுற்றுகிறது. அந்த எண்களுக்கு ஆய்வு ஆதாரம் கிடையாது, தயவுசெய்து வகுப்பில் காட்ட வேண்டாம். கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பாடம் நடத்தினால் பலன் உண்டு என்பதற்கும் உருப்படியான சான்று இல்லை.

இனி உங்கள் மாணவி. ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி கற்று, 1885இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துவிடும் என்று அவர் பெயரில் சொல்லப்படுவது தவறான வாசிப்பு. எத்தனை அசை நினைவில் இருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. மறந்ததைத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து ஏறத்தாழ 34 சதவீதம், 31 நாள் கழித்தும் 21 சதவீதம் மிச்சமானது. அர்த்தமே இல்லாத அசைகளுக்கே இப்படி. ஆக, முற்றிலும் போய்விட்டது என்று தோன்றும்போதும் ஏதோ தங்கியிருக்கிறது.

அவளுக்கு ஆறுதல் சொல்வதைவிட இதைச் செய்யவிடுங்கள். பத்து வரையறைகளைப் பிழையில்லாமல் ஒப்பிக்கும்வரை படிக்கட்டும், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறிக்கட்டும். இரண்டு நாள் கழித்து, எதுவும் ஞாபகமில்லை என்று அவள் சொன்னாலும், அதே பத்தை மறுபடி அதே மாதிரி படித்து நேரம் குறிக்கட்டும். ஒரு வாரத்தில் இன்னொரு முறை, இரண்டு வாரத்தில் இன்னொரு முறை. நடுவில் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். நான்காவது எண்ணை எழுதியதும் அந்தப் பக்கத்தை உங்களிடம் கொண்டுவரச் சொல்லுங்கள், நான்கு எண்களையும் அவளே உரக்கப் படிக்கட்டும்.