பரீட்சைக்கு நடுவே பாதிக் காலுறை

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி மாணவர்கள் எழுதியவை. பின்னல், நூற்பு, மலையேற்றம், இவற்றுக்கு நடுவே பாடப்புத்தகம். நானும் அந்த வழியில் வந்தவள்தான். அதனால் சிலவற்றுக்கு நீளமாகவே பதில் எழுதிவிட்டேன்.

கேள்வி: அக்கா, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நாளிலிருந்தே பின்னுவேன். போன விடுமுறையில் கதிரில் (சுழற்றி நூல் நூற்கும் கோல்) கம்பளி நூற்கவும் பழகினேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் நண்பர்களோடு மலையேற்றம். இப்போது பாடம் கூடிவிட்டது. பின்ன உட்கார்ந்தால் படிக்கவில்லையே என்று உறுத்துகிறது; படிக்க உட்கார்ந்தால் கை ஊசியைத் தேடுகிறது. ஏதாவது ஒன்றை விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். ஆனால் கால அட்டவணையும் போடாதீர்கள். நான் வேதியியல் படித்த நாட்களில் மூன்று நிறப் பேனாவால் ஓர் அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். செவ்வாய் மாலை 6 முதல் 7 வரை பின்னல், வியாழன் நூற்பு என்று. இரண்டாவது வாரமே ஆய்வகத்தில் டைட்ரேஷன் என்ற சோதனை ஒன்று முடியாமல் இழுத்தது, வியாழன் போயிற்று. அடுத்த வியாழனை நானே விட்டுவிட்டேன். அட்டவணை மட்டும் வருஷ முடிவு வரை கதவிலேயே இருந்தது, பார்க்கும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு.

எனக்குக் கைகொடுத்தது வேறு ஒன்று. ஒவ்வொரு வேலையும் எவ்வளவு தலையைக் கேட்கிறது என்று பார்த்துப் பிரித்துக்கொண்டேன். காலுறையில் கணுக்காலுக்கு மேலே வரும் பகுதி தலையைக் கேட்பதே இல்லை. 64 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்), சுற்றிச் சுற்றி நிட் (எளிய அடிப்படைப் பின்னல்), அவ்வளவுதான். குதிகால் திருப்புவது பாதித் தலையைக் கேட்கும். லேஸ் பின்னலும் இரண்டு நிற நூல் வேலையும் முழுத் தலையையும் வாங்கிக்கொள்ளும். ஆகவே பையில் எப்போதும் தலை கேட்காத வேலை ஒன்று, அறையில் தலை கேட்கிற வேலை ஒன்று. மூன்றாவது கிடையாது. புது நூலைப் பார்த்ததும் மூன்றாவதைத் தொடங்கக் கை பரபரக்கும். எனக்கு இன்றும் பரபரக்கிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். மெல்லிய காலுறை நூலில் 10 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 44 சுற்று வரும். 15 செ.மீ. என்றால் 66 சுற்று. சுற்றுக்கு 3 நிமிடம் வைத்தாலும் 200 நிமிடம்கூட இல்லை. பேருந்துக்கு நிற்கும் பத்து நிமிடம், வகுப்பு தொடங்கக் காத்திருக்கும் பத்து நிமிடம் என்று இருபது இடுக்கு கிடைத்தால் ஒரு காலின் மேல்பகுதி முடிந்தது. படிப்பிலிருந்து ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை, உறுத்தலுக்கும் வேலையில்லை.

பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் தலை கேட்கிற வேலையைத் தொடவே தொடாதீர்கள். நான் தொட்டேன். மறுநாள் வெப்ப இயக்கவியல். ‘பத்து நிமிடம் மனசு ஆறட்டும்’ என்று ஸ்வெட்டரின் கைக்குழியை எடுத்தேன். கண்ணி குறைக்க வேண்டிய வரிசை ஒன்றைத் தவறவிட்டிருந்தது பன்னிரண்டு வரிசை தாண்டித்தான் தெரிந்தது. பிரித்தேன். பிரித்ததில் நான்கு கண்ணி நழுவி ஓடியது. அதைப் பிடித்து முடிக்கும்போது மணி இரண்டு. மறுநாள் என்ட்ரோபியைப் பற்றி, அதாவது ஒழுங்கு குலைவதைப் பற்றி, எழுதச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பாடம் முந்தின இரவே நன்றாகப் புரிந்துவிட்டிருந்தது; மதிப்பெண்தான் வரவில்லை. அதற்கப்புறம்தான் லைஃப்லைன் போடக் கற்றேன். சரியாக வந்திருக்கிற ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் வேறு நிற மெல்லிய நூலை ஒரு தையல் ஊசியால் கோத்து விட்டுவிடுவது. எத்தனை பிரித்தாலும் அந்த வரிசையோடு நின்றுவிடும்.

நூற்பு இடுக்கு நேரத்துக்கு இன்னும் தோதானது. கண்ணி எண்ண வேண்டாம், வரிசை நினைவில் வைக்க வேண்டாம். எந்த நொடியிலும் நிறுத்திக் கதிரில் நூலை மாட்டி வைத்துவிடலாம். ஒரே தொல்லை, பரீட்சைக்காக இரண்டு வாரம் விட்டுவிட்டுத் திரும்பினால் கை மறந்து நூல் தடித்து வரும். முதல் நாள் நூற்ற நூலில் ஒரு சாண் வெட்டி அட்டையில் சுற்றிவைத்துக்கொள்ளுங்கள். திரும்ப உட்காரும்போது அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பத்து நிமிடத்தில் பழைய கனம் கைக்கு வந்துவிடும்.

மலையேற்றத்தை மட்டும் இடுக்கில் செருக முடியாது, அது முழு நாளைக் கேட்கும். அதனால் பருவத் தொடக்கத்திலேயே தேர்வுத் தேதிகளோடு சேர்த்து அதையும் நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். மாதம் நான்கு என்பது இரண்டாகலாம். பரவாயில்லை, மலை எங்கேயும் போய்விடாது.

கேள்வி: வகுப்பில் பாடம் கேட்டுக்கொண்டே பின்னலாமா?

பதில்: முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு முடிந்தது. பின்னலுக்கு ஆதரவாகச் சிலர் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வைக் காட்டுவார்கள். ஜாக்கி ஆண்ட்ரேட் என்ற உளவியலாளர் 40 பேரைச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்கவைத்தார். கேட்டபடியே காகிதத்தில் இருந்த வடிவங்களைப் பென்சிலால் நிரப்பியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் பின்னவில்லை. கேட்டதும் பாடமில்லை, ஒரு விருந்துக்கு யார் யார் வருவார்கள் என்ற பேச்சு. என் அனுபவம் இது: கேட்க மட்டுமே வேண்டிய வகுப்பில் சாதாரண நிட் பின்னினால் தூக்கம் வராது. கரும்பலகையைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டிய வகுப்பில் இரண்டும் கெடும்.

உலோக ஊசி வேண்டாம். படிப்படியாகக் கட்டிய பெரிய வகுப்பறையில் என் நேர் ஊசி ஒன்று கைதவறி, ஒவ்வொரு படியிலும் மணியடித்துக்கொண்டே முன்வரிசை வரை இறங்கிப் போனது. பேராசிரியரே எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து மர ஊசிதான், அதுவும் கேபிளில் இணைந்த வட்ட ஊசி.

கேள்வி: மலைப்பாதையில் நடந்துகொண்டே நூற்க முடியுமா? படங்களில் பார்த்திருக்கிறேன்.

பதில்: முடியும். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பெண்கள் கதிரைத் தொங்கவிட்டு நடந்தபடியே நூற்பார்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் முதுகில் கூடை நிறைய, அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் வெட்டிய கரிநிலக் கட்டிகளைச் சுமந்துகொண்டே பெண்கள் பின்னிக்கொண்டு வருகிற பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தவர்கள் பிரான்சின் லாந்து பகுதி மேய்ப்பர்கள். 19-ஆம் நூற்றாண்டில் அந்தச் சதுப்பு நிலத்தில் உயரமான பொய்க்கால்களில் ஏறி நின்று, நீளக் கழி ஒன்றை முட்டுக் கொடுத்து, ஆடுகளைப் பார்த்தபடி பின்னினார்கள். பேருந்தில் இடம் கிடைக்காததால் பின்ன முடியவில்லை என்று சலித்துக்கொள்ளும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் அவர்கள் சிறு வயதிலிருந்தே அந்தப் பாதையில் நடந்தவர்கள். நீங்களும் நானும் அப்படியில்லை. ஏற்றத்திலும் சரிவிலும் கை இரண்டும் காலியாக இருக்கட்டும். சமதளப் பாதையில் மட்டும் முயலலாம், அதுவும் கம்பளியில். கம்பளி இழை நீளம். மெரினோ என்றால் ஏழெட்டு செ.மீ. வரை இருக்கும், தொங்கும் கதிரின் எடையைத் தாங்கும். பருத்தி இழை மூன்று செ.மீ. இருந்தாலே பெரிது. நிறைய முறுக்கு ஏறினால்தான் அறாமல் நிற்கும். அதற்கு இலேசான தக்ளியை (சிறிய கதிர்) ஒரு கிண்ணத்தில் ஊன்றிச் சுற்றுவதுதான் சுகம். அது உட்கார்ந்து செய்கிற வேலை. பாறையில் விழுந்தால் மரக்கதிரின் வட்டு பிளந்துவிடும் (கேட்காதீர்கள், இரண்டு). காற்று அடிக்கும் உச்சியில் சீவிய கம்பளியைத் திறக்கவும் திறக்காதீர்கள். பாதி பறந்துவிடும், மீதியில் முள்ளும் சருகும் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: நடைப்பயணத்துக்குக் காலுறை பின்ன கம்பளியா, பருத்தியா?

பதில்: கம்பளி. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளிழுத்த பின்னும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. நனைந்த பருத்தி தோலோடு ஒட்டி உரசிக் கொப்புளம் கொண்டுவரும். கொஞ்சம் நைலான் கலந்த கம்பளி நூல் வாங்குங்கள். இல்லாவிட்டால் குதிகாலில் சீக்கிரம் ஓட்டை விழும்.

கேள்வி: விடுதியில் ‘பாட்டி வேலை’ என்று கேலி செய்கிறார்கள்.

பதில்: குளிர் வரட்டும். ‘எனக்கும் ஒரு தொப்பி’ என்று அவர்களே வருவார்கள். முடியாது என்று சொல்லப் பழகுங்கள். தொப்பி கேட்பவர்களால்தான் என் இறுதியாண்டு ஆய்வறிக்கை தாமதமானது.

கேள்வி: பகலெல்லாம் கணினியில் தட்டச்சு, இரவில் பின்னல். மணிக்கட்டு வலிக்கிறது.

பதில்: கணினியும் ஊசியும் ஒரே தசைநாண்களைத்தான் வேலை வாங்குகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஓய்வாகாது. வலி தீரும்வரை ஊசியைக் கீழே வைத்துவிட்டு நடக்கப் போங்கள். அங்கே கைக்கு வேலையில்லை. பிறகும் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கையை உதறி விரித்துவிட்டுத் தொடருங்கள். இரவில் விரல் மரத்துப்போனாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். தேர்வையும் அந்தக் கைதான் எழுத வேண்டும்.

கேள்வி: பாதியில் நிற்பவை ஏழு இருக்கின்றன. எதை முதலில் முடிப்பது?

பதில்: எந்த ஊசி, எத்தனையாவது வரிசை என்று நினைவில் இருப்பதை முதலில் முடியுங்கள். எதுவும் நினைவில்லாததைப் பிரித்துவிடுங்கள். பிரித்த நூலைச் சிட்டமாக (பெரிய வளையமாக) சுற்றி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துத் தொங்கவிட்டால் சுருள் நீங்கிப் புது நூல் மாதிரி ஆகிவிடும். இனிமேல் ஒவ்வொரு பையிலும் ஒரு துண்டுச் சீட்டு: ஊசி அளவு, வரிசை எண், அடுத்து என்ன செய்ய வேண்டும். எழுத அரை நிமிடம் போதும்.

கேள்வி: மாணவியாக இருந்தபோது தொடங்கிய ஏதாவது உங்களிடம் இன்னும் முடியாமல் இருக்கிறதா?

பதில்: அந்த வெப்ப இயக்கவியல் ஸ்வெட்டர். முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை தயார். இன்னொரு கைக்கு நூல் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது. சீட்டு எழுதிவைக்கவில்லை.